ஹேலோ முதல் பாகம்: எதிரி யோசிக்கும் வரை நல்ல விளையாட்டு

2024 பிப்ரவரி 3 – வாசகர் ஒருவரின் கேள்வி

‘ஹேலோ: காம்பேட் இவால்வ்ட்’ என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டை இப்போதுதான் முதன்முறையாக முடித்தேன். முதற்பாதி அருமை. பிற்பாதியோ ஒரே நடைவழியை வெட்டி ஒட்டி நீட்டிய சோம்பேறித்தனம். இதைத்தானா இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்?

பிப்ரவரி 3, இரவு

பிற்பாதி இறங்குமுகம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

மொத்தம் பத்து மிஷன்கள். அவற்றுள் மூன்று, முன்பே போய்வந்த இடங்களுக்குத் திரும்புகின்றன. ‘டூ பிட்ரேயல்ஸ்’ என்பது ‘அசால்ட் ஆன் தி கன்ட்ரோல் ரூம்’ மிஷனைப் பின்னிருந்து முன்னாக நடப்பது. ‘கீஸ்’ மிஷனில் மீண்டும் ‘ட்ரூத் அண்ட் ரெகன்சிலியேஷன்’ கப்பலுக்குள் நுழைகிறோம். ‘தி மா’ நம்மை முதல் மிஷனின் கப்பலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் முதற்பாதியிலும் இதே வெட்டி ஒட்டும் வேலை நடந்திருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? ‘அசால்ட் ஆன் தி கன்ட்ரோல் ரூம்’ முழுவதும் பாலம், கதவு, அறை, கதவு, மறுபடியும் பாலம் என்றே போகிறது. அங்கே சலிப்பு வருகிறது என்றாலும், பிற்பாதியின் ‘தி லைப்ரரி’ மிஷனில் வருவதைப் போல விளையாட்டை அணைத்துவிட்டு எழுந்து போகச் சொல்லும் சலிப்பு வருவதில்லை. இரண்டிலும் சுவர்கள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கின்றன. மாறுவது எதிரி மட்டுமே. இதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

நாம் எதிர்த்துப் போரிடும் வேற்றுக்கிரகக் கூட்டணியான கவனன்ட் படையினரைப் பற்றி முதலில் எழுத வேண்டும், ஏனெனில் இந்த விளையாட்டின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது.

அவர்களுள் தலைவனாக வரும் ஓர் எலீட், இரண்டு ஜாக்கல், நான்கைந்து கிரண்ட் என்ற சிறு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலீட்டின் கவசம் குறைந்தால் அவன் மறைவிடம் தேடி ஒதுங்குவான்; அது நிரம்பியதும் திரும்பி வருவான்; கையெறி குண்டு விழுந்தால் பக்கவாட்டில் பாய்ந்து தப்பிப்பான். ஜாக்கல் தன் வட்டக் கேடயத்துக்குப் பின்னால் குறுகி நின்றபடி மெல்ல நகரும். எலீட் விழுந்துவிட்டாலோ, அதுவரை நம்மை நோக்கி வீரம் பேசிக்கொண்டிருந்த கிரண்டுகள் அலறியடித்துக்கொண்டு சிதறி ஓடும். ஆக, அறைக்குள் நுழைந்ததும் நம் முன் வரும் முதல் கேள்வி ‘யாரை முதலில்?’ என்பதே. தலைவனை முதலில் வீழ்த்தினால் மற்றவை கலையும், ஆனால் அவனை வீழ்த்துவதுதான் கடினம். சிறியவற்றை முதலில் தீர்த்தால் அவன் பாடு சுலபமாகும், ஆனால் அதற்குள் அவன் நம்மைச் சுற்றி வளைத்துவிடுவான். இந்தக் கணக்கு ஒவ்வொரு அறையிலும் வேறு விடை தருகிறது. அறை அதே அறையாக இருந்தாலும் சண்டை வேறாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நாம் பார்வையிலிருந்து மறைந்துவிட்டால் எதிரிகளுக்கு நம் இருப்பிடம் தெரியாது. கடைசியாக எங்கே கண்டார்களோ அந்த இடத்தையே தாக்குவார்கள். இது தெரிந்த பிறகு பாறைக்குப் பின்னால் பதுங்கி, அவர்கள் வெறும் இடத்தில் குண்டு பொழிந்துகொண்டிருக்கும்போது மறுபக்கமாக வந்து முதுகில் அடிப்பது எனக்குத் தீராத இன்பமாகிவிட்டது. எதிரியை ஏமாற்ற முடிகிறது என்றால், ஏமாறும் அளவுக்காவது அவனுக்கு ஏதோ ஒன்றை நம்பத் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

இதை உருவாக்கிய பங்கி நிறுவனத்தின் கிறிஸ் புட்சர், ஜேமி கிரீஸ்மர் ஆகிய இருவரும் 2002ஆம் ஆண்டு கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் இதே பொருளைப் பற்றிப் பேசினார்கள். அதில் ஒரு வியப்பான செய்தி உண்டு: சோதனைக்கு விளையாடியவர்களுக்கு எதிரியின் உயிர்பலத்தைக் கூட்டிக் கொடுத்தபோது, எதிரி முன்னைவிட அறிவாளியாக இருப்பதாக அவர்கள் கருதினார்கள். அறிவு அதேதான்; அதைக் காட்டுவதற்கு எதிரிக்கு அவகாசம் கிடைத்தது, அவ்வளவே. இரண்டு நொடியில் செத்துப்போகிறவன் எத்தனை பெரிய மேதையாக இருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

பிப்ரவரி 4, பின்னிரவு

நேற்று ‘தி லைப்ரரி’யைத் திட்டியவர்களுக்கு ஒரு சிறு ஆறுதல். அந்த மிஷனின் நடுவே திரையில் தோன்றும் உட்தலைப்புகளைப் படித்துப் பாருங்கள். ஒன்று ‘பொறு, இன்னும் மோசமாகப் போகிறது!’ என்னும் பொருளில் வருகிறது. அடுத்தது ‘எனக்கு அந்த லிஃப்டில் ஏறவே பிடிக்கவில்லை!’ என்று அழுகிறது. எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நம்மை உள்ளே அனுப்பிவிட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 7

ஆயுதங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு துப்பாக்கிகளை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற விதி அக்காலத்தில் பலருக்குக் குறையாகத் தோன்றியது. அதுவரை இவ்வகை விளையாட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஆயுதங்களை முதுகில் சுமந்துகொண்டு ஓடுவதுதான் வழக்கமாக இருந்தது. இங்கே எதையாவது எடுக்க வேண்டுமானால் எதையாவது கீழே போட வேண்டும். பிளாஸ்மா ஆயுதங்கள் கவசத்தை விரைவில் கரைக்கும். உலோகக் குண்டுகள் உடலைத் துளைக்கும். பிளாஸ்மா பிஸ்டலின் விசையை அழுத்திப் பிடித்து ஆற்றலைச் சேர்த்து விடுவித்தால் எலீட்டின் முழுக் கவசமும் ஒரே அடியில் போய்விடும். அடுத்த கணமே சாதாரண பிஸ்டலால் தலையில் ஒரு குண்டு. இந்த இணை கைக்குப் பழகிவிட்டால் கடினமான நிலைகளிலும் தலை தப்பும். ஆனால் அந்த இரண்டையுமே எப்போதும் சுமந்தால் தொலைவில் நிற்பவனுக்கு என்ன செய்வது, ஹண்டர் வந்தால் என்ன செய்வது என்ற கவலை உடன்வரும். (ஹண்டரைப் பொறுத்தவரை கவலை தேவையில்லை. அந்த மலை போன்ற உருவம் முதுகில் ஆரஞ்சு நிறமாகத் தெரியும் சதையில் பட்ட ஒரே பிஸ்டல் குண்டில் சரிந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு மகிழ்ச்சியைவிட ஏமாற்றமே மிகுதியாக இருந்தது.)

கையெறி குண்டுக்கும், துப்பாக்கியைத் திருப்பி அடிப்பதற்கும் தனித்தனிப் பொத்தான்கள் கொடுத்தது அடுத்த சிறப்பு. கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றாமலே சுடுவது, எறிவது, அடிப்பது என மூன்றையும் ஒரே ஓட்டத்தில் செய்யலாம். அதோடு, கவனன்ட் ஆயுதங்களின் பிளாஸ்மா கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் வருவதால் பெரும்பாலானவற்றைப் பார்த்து ஒதுங்க முடிகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் பாயும் குண்டுகளைக் கொண்ட விளையாட்டில் மறைவிடத்தை விட்டு வெளியே வர அஞ்சுவோம். இங்கே திறந்த வெளியில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே போராடலாம். நாம் இயக்கும் வீரரான மாஸ்டர் சீஃப் எவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்று குறை சொல்பவர்கள், எதிரியின் பிளாஸ்மா எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 8

அசால்ட் ரைஃபிளை நான் குறிப்பிடாததைக் கண்டுகொண்டு கேட்டதற்கு நன்றி. அறுபது குண்டுகள், முதுகுப்புறத்தில் மீதமிருப்பதைக் காட்டும் அழகான எண், காதுக்கு இனிய சடசடப்பு. பத்தடிக்கு அப்பால் நிற்பவரைச் சுட்டால் எங்கே படும் என்பது மட்டும் தெரியாது. விளையாட்டின் முகமாக விளம்பரப் படங்களில் இடம்பெற்ற ஆயுதம் இது. ஆனால் பெட்டியின் மூலையில் கிடக்கும் பிஸ்டல் இதன் வேலையையும் தொலைநோக்கியோடு கூடிய ரைஃபிளின் வேலையையும் சேர்த்தே செய்கிறது. ஆயுதங்களுக்கிடையே சமநிலை என்ற நோக்கில் இது தெளிவான குறை. அதைத் திருத்தியிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும் என்பது வேறு செய்தி.

பிப்ரவரி 11

இனி, மற்ற உடல்களைப் பற்றிக்கொண்டு ஆட்டிவைக்கும் ஒட்டுண்ணிக் கூட்டமான ஃப்ளட்.

முதலில் அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். ஆறாவது மிஷனில் சதுப்பு நிலத்தில் இறங்குகிறோம். வழக்கமாக நம்மைக் கண்டதும் சுடும் கவனன்ட் வீரர்கள் எதற்கோ அஞ்சி ஓடுகிறார்கள். நிலத்தடிக் கட்டடத்தில் பித்துப் பிடித்த நம் வீரன் ஒருவன் நம்மையே சுடுகிறான். பிறகு இறந்த ஒரு வீரனின் தலைக்கவசப் பதிவை மாஸ்டர் சீஃப் பார்க்கிறார். அதன் முடிவில்தான் அந்தச் சிறு பிராணிகள் கதவை உடைத்துக்கொண்டு பொங்குகின்றன. பாதி விளையாட்டு வரை நிகழ்ந்ததெல்லாம் வேறொரு கதை என்று தோன்றச் செய்யும் அந்தத் திருப்பத்தை, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் முதன்முறை விளையாடியவர்கள் மறக்க மாட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. மேலே நான் அடுக்கிய சிறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஃப்ளட்டின் முன் வைத்துப் பாருங்கள். அதற்கு அச்சமில்லை, ஆகவே தலைவனை வீழ்த்தினால் மற்றவை ஓடும் என்ற கணக்கு செல்லாது. தலைவனே இல்லை. மறைவிடம் தேடாது, நேராக வரும். கவசம் கிடையாது; ஆகவே பிளாஸ்மா பிஸ்டலில் ஆற்றலைச் சேர்த்து விடுவிப்பதற்கு இலக்கே இல்லை. தலையில் சுடுவதால் பயனில்லை. ஆகவே குறிபார்க்கும் திறமைக்கு மதிப்பில்லை. தொலைநோக்கி ரைஃபிளின் குண்டு உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும், அந்த உடலோ நம்மை நோக்கி ஓடிவந்துகொண்டே இருக்கும். மிச்சமிருப்பது ஒரே முடிவு: ஷாட்கன்னை எடு, பின்வாங்கிக்கொண்டே சுடு. எட்டு ஆயுதங்களும் மூன்று வகைத் தாக்குதலும் கொண்ட விளையாட்டு ஒற்றைப் பொத்தானாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த நிலையில்தான் ‘தி லைப்ரரி’ நம்மை மாடி மாடியாக, அடையாளமே இல்லாத ஒரே மாதிரியான நடைவழிகளில் அழைத்துச் செல்கிறது. வழிகாட்ட வரும் 343 கில்டி ஸ்பார்க் என்னும் பறக்கும் இயந்திரம் பூட்டிய கதவின் முன் நம்மை நிறுத்திவிட்டு, ஏதோ முணுமுணுத்தபடி கதவைத் திறக்கப் பறந்துபோய்விடும்; அது திரும்பும் வரை அலை அலையாக வருபவற்றைச் சமாளித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். யோசிக்கும் எதிரிக்கு முன்னால் சுவரைப் பார்க்க நமக்கு நேரம் இருந்ததில்லை. இங்கே நேரம் நிறைய இருக்கிறது. ஆகவே சுவர் எத்தனை முறை ஒட்டப்பட்டிருக்கிறது என்பதும் கண்ணில் படுகிறது.

பிப்ரவரி 12

நண்பர் ஒருவர் மறுத்திருக்கிறார்: ஃப்ளட் என்பது ஒட்டுண்ணி, அது யோசிக்காததுதான் அதன் திகில், அதற்கும் எலீட்டின் புத்தியைக் கொடுத்தால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்கிறார்.

கதைக்கு அது பொருந்துகிறது; கைக்குப் பொருந்தவில்லை என்பதே என் பதில். திகிலுக்கு அளவு வேண்டும். செத்ததாகக் கிடக்கும் ஃப்ளட் உடல் சில சமயம் மீண்டும் எழுந்து வருவது முதல் சில தடவை உண்மையிலேயே நடுங்க வைக்கிறது. அதே உடல் நான்காம் மாடியிலும் எழும்போது நமக்கு வருவது நடுக்கமல்ல, கொட்டாவி. திகிலுக்காகப் படைக்கப்பட்ட எதிரியை, சண்டையை நிரப்பும் எதிரியாகவும் பயன்படுத்தியதில்தான் கோளாறு இருக்கிறது.

பிப்ரவரி 18

இந்த வாரம் ‘டூ பிட்ரேயல்ஸ்’ மிஷனை ஹீரோயிக் என்னும் கடின நிலையில் மறுபடியும் ஆடிப் பார்த்தேன். எதிரியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறான் என்ற என் வாதத்தைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, ஏனெனில் இடம் பழையது, எதிரி கலவை.

பழைய பனிப் பள்ளத்தாக்கு, பழைய பாலங்கள், பழைய அறைகள். ஆனால் இப்போது கவனன்ட், ஃப்ளட், சென்டினல் என்னும் காவல் இயந்திரங்கள் என மூன்று தரப்பினர் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பு டாங்கியில் இடித்துத் தள்ளிய பள்ளத்தாக்கில் இம்முறை மேட்டில் நின்றபடி, எந்தத் தரப்பு மெலிகிறது என்று காத்திருந்து பார்த்தேன். கவனன்ட் வெல்லும் நிலையில் இருந்தால் இறங்கி அவர்களைத் தாக்குவது, ஃப்ளட் வெல்லும் நிலையில் இருந்தால் இன்னும் சற்றுக் காத்திருப்பது என்று ஒரு புதுக் கணக்கு பிறந்தது. யோசிக்காத ஃப்ளட் இங்கே நன்றாகவே வேலை செய்கிறது, ஏனெனில் அது யோசிக்கிற ஒருவனைத் தாக்குகிறது. அவன் பதறுவதை நாம் பார்க்கிறோம். ஆகவே 11ஆம் தேதி எழுதியதற்கு ஒரு வரம்பு தேவைப்படுகிறது: ஃப்ளட் தனித்து நிற்கும்போதுதான் விளையாட்டு தளர்கிறது.

இருந்தாலும் உட்புற அறைகளில் என் வாதம் ஆட்டம் காண்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே முத்தரப்புச் சண்டை நடந்தும் எனக்கு அலுப்புத் தட்டியது. எதிரி எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், பார்த்த அறையையே பார்க்கும்போது ‘இன்னும் எத்தனை?’ என்ற எண்ணம் ஓரமாக எழத்தான் செய்கிறது. இடமும் பாதிப் பொறுப்பை ஏற்க வேண்டும். முழுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்ட மாட்டேன்.

‘கீஸ்’ பற்றி ஒரே வரி: கதையில் மிகக் கொடூரமான காட்சி அதில் இருக்கிறது, விளையாட்டாக நினைவில் நிற்கும் இடம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 19

வெட்டி ஒட்டியதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் சூட்டுவது நியாயமில்லை. 1999ஆம் ஆண்டு மேக்வேர்ல்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் இதை அறிமுகப்படுத்தியபோது இது மேக் கணினிக்கும் வருவதாக இருந்தது, அப்போது மாஸ்டர் சீஃபை வெளியிலிருந்து பார்க்கும் கோணத்தில் இருந்தது. 2000இல் மைக்ரோசாஃப்ட் பங்கியை வாங்கியது. 2001 நவம்பர் 15 அன்று அந்நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி கடைக்கு வந்த நாளிலேயே இதுவும் வந்தாக வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் கோணம், கருவி, கட்டுப்பாடு எல்லாம் மாறின. அந்த நெருக்கடியில் எதைச் செதுக்குவது, எதை நகலெடுப்பது என்று யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும். சண்டையைச் செதுக்கிவிட்டு அறையை நகலெடுத்திருக்கிறார்கள். மாற்றிச் செய்திருந்தால் இன்று இதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

மார்ச் 2

கவசமும் உயிர்பலமும் தனித்தனியாக இருப்பதைப் பற்றி எழுத மறந்தே போனேன். சற்று ஒதுங்கி நின்றால் கவசம் தானாக நிரம்பும். அதன் அடியில் உள்ள உயிர்பலம் மருத்துவப் பெட்டியை எடுத்தால்தான் ஏறும். பிற்காலத்தில் ஏராளமான விளையாட்டுகள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லாம் தானாகவே நிரம்பும்படி செய்துவிட்டன. இதன் அடுத்த பாகமே 2004இல் மருத்துவப் பெட்டியைக் கைவிட்டது. எனக்கு இந்தக் கலப்புத்தான் பிடித்திருக்கிறது. சிறு தவறுகளை மன்னிக்கிறது, பெரிய தவறுகளை நினைவில் வைத்துக்கொள்கிறது.

ஆனால் இதனோடு செக்பாயின்ட் முறை சேரும்போது ஒரு கொடுமை நிகழ்கிறது. நாமாகச் சேமிக்க வழியில்லை. விளையாட்டே தனக்குத் தோன்றிய இடத்தில் சேமிக்கும். உயிர்பலம் ஒற்றைச் சிவப்புக் கோட்டில் இருக்கும்போது சேமித்துவிட்டால், அடுத்த பெட்டி எங்கே இருக்கிறதோ அதுவரை அந்தக் கோட்டோடுதான் ஒவ்வொரு முறையும் தொடங்க வேண்டும். லெஜண்டரி என்னும் உச்சக் கடின நிலையில் ‘ட்ரூத் அண்ட் ரெகன்சிலியேஷன்’ கப்பலின் தளத்தில் நான் அப்படி மாட்டிக்கொண்டு, கடைசியில் மிஷனையே முதலிலிருந்து தொடங்கினேன்.

மார்ச் 3

‘தி சைலண்ட் கார்ட்டோகிராஃபர்’ மிஷனை ஏன் இதுவரை தொடவே இல்லை என்று கேட்டவர் சரியாகவே கேட்டார். கடற்கரையில் விமானத்திலிருந்து குதித்து இறங்கிப் போரிடுகிறோம்; அதன்பின் வார்ட்ஹாக் வண்டி கிடைக்கிறது; தீவை இடமாகச் சுற்றுவதா வலமாகச் சுற்றுவதா என்பது நம் விருப்பம். கூட்டங்களை எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து, வண்டியிலா நடந்தா சந்திப்பது என்பதும் நம் விருப்பம். யோசிக்கும் எதிரி, அவனைச் சுற்றிவரப் போதுமான வெளி என்ற இரண்டும் ஒன்றாக அமைந்த இடம் இது. இந்தத் தரத்தில் இன்னும் இரண்டு மிஷன்கள் இருந்திருந்தால் ‘தி லைப்ரரி’யை மன்னித்திருப்பேன்.

2011இல் வந்த ஆண்டுவிழாப் பதிப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய காட்சியும் புதிய காட்சியும் மாறி மாறித் தெரியும். தீவில் புதிய காட்சி கண்ணுக்கு விருந்து. சதுப்பு நில மிஷனிலோ வெளிச்சத்தைக் கூட்டி அச்சத்தைக் கரைத்துவிட்டார்கள். அங்கே மட்டுமாவது பழைய காட்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மார்ச் 10

கடைசியாக, எந்த நிலையில் ஆடுவது என்ற கேள்விக்கு. நார்மல் நிலையில் எலீட் விரைவில் விழுந்துவிடுவதால் நான் புகழ்ந்த எதையும் காண முடியாமல் போகலாம். முன்பு சொன்ன அந்தச் சோதனை முடிவு இங்கேயும் பொருந்துகிறது. ஹீரோயிக்கில் தொடங்குங்கள். லெஜண்டரியில் ‘தி லைப்ரரி’க்குத் தனியாகப் போகாதீர்கள், ஏனெனில் அங்கே ராக்கெட் லாஞ்சர் ஏந்திய ஃப்ளட் இருளிலிருந்து ஒரே அடியில் கொல்லும், அதைத் தவிர்க்கத் திறமையால் ஆவது ஒன்றுமில்லை. திரையை இரண்டாகப் பிரித்து இருவராக ஆடும் வசதி இருக்கிறது. ஒருவர் விழுந்தாலும் மற்றவர் தப்பி ஓடி அமைதியான இடத்தைச் சேர்ந்ததும் விழுந்தவர் மீண்டும் வருவார். ஆகவே ஒருவர் ஷாட்கன்னோடு முன்னால் போகட்டும்; மற்றவர் இரண்டு நடைவழி தள்ளிப் பின்னால் கோழைபோல நிற்கட்டும். என் வீட்டில் அந்த இரண்டாம் இடத்துக்குத்தான் எப்போதும் போட்டி.